நிச்சயதார்த்தச் சோப்பும் ஒரு தாய்மாமனின் அவசரமும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உடைய மாப்பிள்ளை சிவநேசன் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே அண்ணன் சுகுமாறன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் குமுதாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் நலத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்து வாசலில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டதால், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முருகன் அருளால் இதற்குள் சற்றுத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். சந்திரகலா என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாள். உங்கள் நம்பருக்கு அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. படிப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவளாயிற்றே. கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை. வைகாசியில் கிள்ளானில் நடக்கப்போகும் தாமரையின் கல்யாணத்தில், தாய்மாமன் என்ற முறையில் அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர என்னை விடவேண்டும். அந்த இடத்தில் எங்கள் சித்தப்பா மகன் லோகனை நிறுத்தப் போவதாகச் சந்திரா சொல்லிவிட்டாள். லோகன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்ளட்டும். எனக்கும் குமுதாவுக்கும் தாமரையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் மண்டபத்துக்கு வருமுன் நடந்தது தெரியாது. தண்ணீர் இலாகாவின் புகார்ப் பிரிவில் ஓய்வு பெறும்வரை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே காலம் தள்ளியவன் நான். ஊரார் புகாரையெல்லாம் கேட்ட அந்தப் பாவத்துக்கு, என் புகாரை நீங்கள் ஒருமுறை கேட்கவேண்டும். புகார் கொடுப்பவனும் நானே, குற்றவாளியும் நானே என்பதால் உங்களுக்கு வேலை சுலபம்.

ஓய்வு பெற்றபின் கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு வகுப்பில், சமைத்து மிஞ்சிய எண்ணெயில் சோப்புச் செய்யக் கற்றுக்கொண்டேன் அல்லவா? எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர், அப்புறம் பொறுமை. முதல் மூன்றும் கடையில் கிடைத்துவிடும். அச்சில் ஊற்றிய சோப்பை ஒரு மாதத்துக்கு மேலாகக் காற்றாட வைத்து முற்றவிட வேண்டும், அதற்குள் தொட்டால் கை எரியும். தாமரைக்கு நிச்சயம் என்றதும், வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பும் டோர் கிஃப்ட் என் பொறுப்பு என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். சந்திரா அப்போதே "முறுக்கும் கச்சான் கடலையும் போட்டுக் குடுத்தா போதும் அண்ணே, எதுக்கு இந்த வேலை?" என்றாள். எல்லாரும் முறுக்குக் கொடுக்கிறார்கள், தாய்மாமன் கையால் செய்த மல்லிகைச் சோப்பை யார் கொடுக்கிறார்கள் என்று நான் பெருமை பேசினேன். அதற்குள் தாமரைக்குப் பார்த்த பையன் பிரவினுக்குச் சரவாக்கில் இருக்கும் பிந்துலுவுக்கு வேலை மாற்றம் வந்து, பையன் வீட்டார் நிச்சயத்தைத் தை மாத முதல் முகூர்த்தத்துக்கு இழுத்துவிட்டார்கள். சோப்பு முற்ற ஒரு மாதம் வேண்டும், என் கையில் இருந்தது இரண்டு வாரம்கூட இல்லை. அப்போதே முறுக்குக்குச் சரணடைந்திருக்கலாம். வாய் விட்ட வார்த்தை தடுத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் தாமரை வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அதுவும் பாதி. குடுவையை எண்ணெய்ச் சட்டியில் வைத்து ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால்தான் நடக்கும் வேதிவினையை, அவள் மைக்ரோவேவில் வைத்து ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் முடித்துவிடுகிறாளாம். எப்படி என்று கேட்டேன். "பாத்திரத்தச் சூடாக்கி, அந்தச் சூடு உள்ள போறதுக்குக் காத்திருக்க வேணாம் மாமா. உள்ள இருக்கிற தண்ணி மாதிரி மூலக்கூறெல்லாம் தானே திரும்பித் திரும்பி ஆடும். அந்த ஆட்டத்துல சூடு உள்ளேயே வந்துடும்" என்றாள். அல்ட்ராசவுண்ட் வேறு வைத்திருக்கிறாளாம், நம் காதுக்கு எட்டாத சத்தம். "திரவத்துக்குள்ள குட்டிக் குட்டிக் குமிழா வரும், பெருசாகும், பட்டுன்னு சுருங்கி உடையும். உடையற இடத்துல மட்டும் பயங்கரச் சூடு. எண்ணெயும் தண்ணியும் மாதிரி சேராததெல்லாம் அதுல கலந்துடும், வினையும் வேகமா நடக்கும்" என்றாள். மாப்பிள்ளை, எண்ணெயும் தண்ணீரும் என்று அவள் வாயால் சொன்னதும் எனக்கு முருகனே வந்து வேலைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "ஆனா மாமா, எங்க மெஷின் வேற, வீட்டு மெஷின் வேற. எங்களோடது உள்ள எவ்ளோ சூடு, எவ்ளோ அழுத்தம்னு பாத்துக்கிட்டே இருக்கும், மீறினா நின்னுடும். வீட்டு மைக்ரோவேவுக்கு நாசி லெமாக் சோத்துக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ப்ளீஸ் மாமா, வீட்டுல செய்யாதீங்க லா" என்று தெளிவாகத்தான் சொன்னாள். என் வேலைப் பழக்கம் என்னைக் கெடுத்தது. புகார்ப் பிரிவில் பாதிப் புகார் காதில் விழுந்ததுமே "சரிங்க, ஆள் அனுப்புறோம்" என்று சொல்லிவிடுவேன். மீதிப் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த அழைப்பை எடுக்கத் தயாராகியிருப்பேன். அன்றைக்கும் அப்படியே, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே மனத்துக்குள் அச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குமுதா சந்தைக்குப் போனதும் முதல் கலவையை மைக்ரோவேவில் வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிண்ணத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்தது. பிறகு பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று கூவும் நாள் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இது நின்றால்தானே? கண்ணாடி முழுக்க வெள்ளை அடைத்து, கதவு தானாகத் திறந்துகொண்டு, நுரை மேடையில் இறங்கி அரிசி டப்பாவை நோக்கி நடக்க ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கினேன். கையுறை போட்டுக்கொண்டு வினிகரும் தண்ணீருமாக நான் துடைத்துக்கொண்டிருந்தபோது குமுதா வந்து நின்றாள். பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. "ஏங்க, கல்யாணம் உங்க மருமகளுக்கா, இல்ல இந்த மெஷினுக்கு மசக்கையா?" என்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சுடவைத்த சாப்பாடு கிடையாது. மூன்று வேளையும் ஆறியதுதான்.

அறிவுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் ராதாகிருஷ்ணனைத் தேடிப் போனேன். எங்கள் தெருமுனை நகைக்கடைக்காரர்தான்; தங்கத்தில் ஒட்டிய அழுக்கெடுக்க அவர் கடையில் எவர்சில்வர் தொட்டி ஒன்று இருக்கிறது, அதுவும் அதே கேட்காத சத்தத்தில்தான் ஓடுகிறது. கடை லீவு நாளில் அதைக் கெஞ்சி வாங்கி வந்து, எண்ணெயையும் காரத்தண்ணீரையும் ஊற்றி முடுக்கினேன். மாப்பிள்ளை, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையால் கலக்கினால் தோள்பட்டை கழன்று போகும் வேலை, கண்ணெதிரே பால்போலத் திரண்டு நின்றது. மாடிவீட்டு நாய் மட்டும் ஏனோ ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. திரண்டதைச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து, மைக்ரோவேவை எட்ட நின்று பார்த்தபடி, ஒரு நொடி சூடு, ஒரு நொடி ஓய்வு என்று உலர்த்தினேன். பொங்கவில்லை. வெற்றி என்று நினைத்தேன். தாமரை பிறகு சொன்னாள்: "கலந்தது வேற மாமா, வினை முடிஞ்சது வேற. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்." அந்த வாக்கியத்தை என் நெற்றியில் எழுதி ஒட்டலாம்.

இரண்டு தவறுகள் மிச்சம் இருந்தன. குமுதாவின் தட்டில் ஊற்றி, கத்தியால் டைமண்ட் டைமண்டாக வெட்டினேன். மஞ்சள் கொஞ்சம் சேர்த்திருந்ததால் இளமஞ்சளாக, மெத்தென்று, பார்க்கப் பால்கோவா தோற்றது. அதைக் கண்ணாடிப் பையில் போட்டு, தங்கநிற நூல் கட்டி, "தாமரை – பிரவின்" என்று சீட்டு வைத்தேன். சோப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. சோப்பைப் பார்த்தால் சோப்பென்று தெரியாதா என்ற நினைப்பு. இன்னொன்று, எண்ணெய். அது பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நெத்திலி பொரித்து முடித்த எண்ணெய். மூன்று தடவை துணியில் வடிகட்டினேன், மல்லிகை எசன்ஸ் தாராளமாக விட்டேன். சூடு பட்டதும் மல்லிகை முதல் ஆளாகப் பறந்துவிட்டது. நெத்திலி எங்கும் போகவில்லை. "ஏங்க, நெத்திலி வாடை அடிக்குதே" என்று குமுதா கேட்டாள். பக்கத்து வீட்டுச் சமையல் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுத்த சைவம் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் மண்டபம். தைப்பூசத்துக்கு முந்தைய விரத நாட்கள் என்று சந்திரா பார்த்துப் பார்த்துச் சைவ விருந்து ஏற்பாடு செய்திருந்தாள். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் சேர்ந்து உஷ்ணம் ஏறியதும் ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்திருந்த என் பையிலிருந்து மெல்ல எழுந்தது அந்த வாசனை. சமையல்காரரைத் தனியே கூப்பிட்டு நீங்கள் அதட்டியதை நான் பார்த்தேன். அப்போதாவது வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதராவது தப்பித்திருப்பார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிரவினின் பெரியப்பா கார்த்திகேசு அவர்கள்தானே தட்டு மாற்ற வேண்டியவர்? பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தவர், ஒருவேளைச் சாப்பாடு, அன்றைக்கு அதுவும் இன்னும் ஆகவில்லை. கையிலிருந்த பையைப் பிரித்து, கண்ணை மூடி முருகனை நினைத்து, முழுத் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். அதே நேரத்தில் குருக்கள் அவரை மேடைக்கு அழைத்தார். பெரியவர் மரியாதைக்காக மெல்லாமல் ஏறிவிட்டார். மைக்கைப் பிடித்து, "சபையோருக்கு வணக்கம்" என்று தொடங்கினார். வணக்கத்தில் பாதி நுரையாக வந்தது. பினாங்கில் இருக்கும் உறவினர்களுக்காக நேரலை போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பட்டுப்புடவையோடு முதலில் ஓடியவள் தாமரைதான். அவரைக் கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப் போய், வாய் கொப்பளிக்க வைத்து, மறுபடி மறுபடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து, "மாமா, முத்தாத சோப்புல சோடா மிச்சம் இருக்கும், யாரையும் தொட விடாதீங்க!" என்று கத்தினாள். நானும் பிரவினும் நாற்காலி நாற்காலியாக ஓடிப் பைகளைப் பிடுங்கினோம். ஒரு பாட்டி கொடுக்க மறுத்து என்னோடு மல்லுக்கு நின்றார். கிளினிக்கில் டாக்டர் நாக்கு இரண்டு நாள் எரியும், வேறொன்றுமில்லை என்றார். ஆனால் வாய் நன்றாகக் கழுவிய பிறகுதான் பெரியவருக்கு ருசி தெரிந்தது. "நெத்திலியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மாப்பிள்ளை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "முருகா, இந்த வருஷம் நான் வேணாமா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

கிளினிக்கிலிருந்து மண்டபத்துக்குத் திரும்பியதும் தட்டு ஒருவழியாக மாறியது. ஆனால் சந்திரா என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். சின்ன வயதிலிருந்து என்னை "நீ" என்று கூப்பிடுகிறவள். அன்று, "அண்ணே, நீங்க கல்யாணத்துக்கு வர வேணாம். என் பொண்ணு கையப் பிடிச்சு லோகன் கூட்டிட்டு வரட்டும். நீங்க எதையும் பொறுமையா செய்ய மாட்டீங்க, அவ வாழ்க்கையில உங்க அவசரம் இனி வேணாம்" என்றாள். அழவில்லை, கத்தவும் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விருந்து பரிமாறப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தவறில்லை என்பதுதான் என் துக்கம். முறுக்குக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். எல்லாரும் என் கைவேலையைப் பாராட்டவேண்டும் என்ற ஆசையில், குழந்தை சொன்னதைப் பாதி கேட்டு, ஒரு பக்தரின் விரதத்தைக் கெடுத்து, இரண்டு குடும்பமும் முதன்முதலில் கூடிய சபையில் உங்களைத் தலைகுனிய வைத்தேன். அந்தப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் ராப்பகலாக உழைத்துக் கற்ற விஷயத்தை நான் அடுப்படி வித்தையாக்கிவிட்டேன். அவளுடைய ஆய்வுக்கூடத் தோழிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதற்காக அவளிடம் நான் எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் போதாது.

தைப்பூசத்தன்று நான் பத்துமலைக்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் நடந்தது, தலைமுழுகிவிட்டு விரதத்தைத் தொடரலாம் என்று குருக்கள் சொன்னதாகப் பிரவின் மூலம் கேள்விப்பட்டிருந்தேன். காவடிகள் வரும் வழியில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றேன். கார்த்திகேசு அவர்கள் வந்ததும் குனிந்து அவர் காலில் ஊற்றினேன். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நின்றார். "நீங்கதானே சோப்பு?" என்றார். "ஆமாங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, கால் சுடுது" என்றார். குடம் காலியாகும்வரை ஊற்றினேன். மாப்பிள்ளை, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டதென்று விபூதி பூசினார்கள்.

ஆக, பெரியவர் மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மீதி இருப்பது என் தங்கை. இதைச் சாக்காக வைத்து அவளை நெருக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எதையும் சூடேற்றி விரைவுபடுத்த எனக்கு இனி உரிமையில்லை. ராதாகிருஷ்ணனின் தொட்டியைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மைக்ரோவேவைக் குமுதா அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்திருக்கிறாள். சந்திராவின் கோபம் அதன் போக்கில் ஆறட்டும். ஒரு மாதமோ, கல்யாணத்துக்கு முதல் நாளோ, அவளாக அழைக்கும்வரை நான் காத்திருப்பேன். போன் செய்யமாட்டேன். ஆள் அனுப்பமாட்டேன். உங்கள் வீட்டு வாசல் பக்கமே வரமாட்டேன். இது சத்தியம். அப்படியும் அவள் மனம் இளகவில்லை என்றால் லோகனே கையைப் பிடிக்கட்டும். உள்ளே விட்டால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்தது போல வெறுங்கையோடு போய்விடுகிறேன்.

குழந்தை தாமரைக்கும் பிரவினுக்கும் என் ஆசிகள். கார்த்திகேசு ஐயாவுக்கு வணக்கம். அன்று வீண்பழி சுமந்த சமையல்காரரை எங்காவது பார்த்தால் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். சந்திராவுக்கு நான் எதுவும் எழுதவில்லை, எழுதினால் நீளும். எல்லாம் வல்ல முருகன் உங்கள் வீட்டில் மன அமைதியைக் குறைவில்லாமல் தரட்டும்.

இப்படிக்கு,
பொறுமையைக் காலம் கடந்து கற்ற உங்கள் மைத்துனன்,
சுகுமாறன்

பி.கு.: இது தபாலில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தபாலில் போட்டால் நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். நாலைந்து நாளா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அடுத்த நிமிடம் கொமுட்டர் ரயிலில் ஏறிவிட்டேன். இப்போது கிள்ளானில் உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன்; எழுதி முடித்ததும் கடிதத்தைக் கம்பி வழியாக உள்ளே போட்டு மணியை அடிப்பேன். இந்தப் பின்குறிப்பைச் சுவரில் தாளை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கையில் எதுவும் கொண்டுவரவில்லை, குமுதா பையைச் சோதித்துத்தான் அனுப்பினாள். தூறல் போட ஆரம்பித்ததும் சந்திரா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். கம்பி வழியாக ஒரு குடையை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கேட்டைத் திறக்கவில்லை. அதனால் மேலே காத்திருப்பேன் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. குடை கொடுத்தவளிடம் இப்போதே போய்க் கேட் சாவியையும் கேளுங்கள். மழை வலுக்கிறது, அவளும் ஜன்னலை விட்டு இன்னும் நகரவில்லை.